பக்கத்து இருக்கைக்கு மாறிய ஓட்டுநர்

நீரிணைப் பாலத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திரு. ஆர்வோ கோஸ்கெலா அவர்களுக்குப் பாலப் பணியாளர்கள் வாசித்தளிக்கும் மடல்

காற்றுக்குக் கலங்காத கரத்தினரே, கடுங்குளிரிலும் கனிவு குன்றாத கண்ணினரே, பாலத்தைப் பார்த்ததும் பதறி நின்றோரின் சாவியை வாங்கி அவர்தம் காரிலேயே அவரை அமர்த்தி அக்கரை சேர்த்த அன்பாளரே, ஐந்து மைல் நீளமுள்ள இந்த இரும்பின் மேல் நாற்பதாயிரம் முறையேனும் போய் வந்தும் ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளாத ஆர்வோ கோஸ்கெலா அவர்களே, வணக்கம்.

மடல் என்றால் ஆண்டுகளை எண்ண வேண்டும், அருங்குணங்களை அடுக்க வேண்டும். அடுக்குவதற்கு எங்களிடம் குறைவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகளில் நீங்கள் தாமதமாக வந்தது ஒரே ஒரு நாள். அன்றும் பாலத்து வாசலில் கடமான் ஒன்று படுத்துக்கொண்டு எழ மறுத்ததே காரணம். பெருங்காற்று வீசிய நாட்களில் மஞ்சள் வண்டியில் முன்னே சென்று, பின்னே வரிசையாய் வந்த லாரிகளை வாத்துக் குஞ்சுகளைப்போல் கூட்டிச் சென்றவர் நீங்கள். ஃபின்லாந்து வழிவந்தோர் வாய் திறவார் என்பது இவ்வூர்ப் பேச்சு. உங்கள் முன்னோர் மூன்று தலைமுறை பேசாமல் சேர்த்துவைத்ததையெல்லாம் ஒருவராகச் செலவழிக்கப் பிறந்தவர் நீங்கள் என்பது எங்கள் பேச்சு.

இப்படியே எழுதிக்கொண்டு போயிருப்போம். மூன்றாம் எண் சுங்கச் சாவடியில் பணியாற்றும் பெர்னடீன் பெல்கி குறுக்கிட்டார்.

"அவரைப் பத்தி எழுதறதா இருந்தா என் கதையை எழுதுங்க. ஒண்ணும் விடாதீங்க. வாந்தி எடுத்ததையும் சேர்த்து."

எனவே, பெருமதிப்பிற்குரியவரே, உங்கள் புகழை அவர் கதையாகவே சொல்கிறோம். அவரும் இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தவறு இருந்தால் திருத்துவார்.

பெர்னடீன் தென்கரையில் வாழ்பவர். அவருடைய இரட்டைச் சகோதரி ஜெரால்டீன் வடகரையில் வாழ்பவர். தெளிந்த நாளில் ஒருவர் வீட்டுப் புகைபோக்கி மற்றவருக்குத் தெரியும். ஆனாலும் பல ஆண்டுகளாக ஜெரால்டீன்தான் இக்கரைக்கு வருவாரே தவிர, பெர்னடீன் அக்கரைக்குப் போனதில்லை. ஆண்டுதோறும் வடகரையில் நடக்கும் பணியாளர் விருந்தன்று அவருக்குத் தவறாமல் தலைவலி வரும். நாங்களும் நம்பினோம். தினமும் ஆயிரம் பேரைப் பாலத்துக்குள் அனுப்பிவைக்கும் பெண்ணுக்குப் பாலத்தின் மேல் பயம் என்று யாருக்குத் தோன்றும்?

அந்தப் பயம் ஒரு மார்ச் மாதத்துப் பிற்பகலில் தொடங்கியது. பாலத்தின் நடுவே, காரணம் ஏதுமின்றி, பெர்னடீனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. சக்கரத்தின் அடியில் கம்பிவலைத் தடம் தேனீக் கூட்டம்போல் இரைந்தது. அதன் ஊடே கீழே கருநீர் தெரிந்தது. கை தானாகத் திரும்பிவிடும், தடுப்புக் கம்பியை உடைத்துக்கொண்டு விழுந்துவிடுவோம் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. எப்படியோ கரை சேர்ந்தார். மருத்துவமனையில் இதயத்தைச் சோதித்து, குதிரைக்கு இருக்கிற இதயம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று வீடு திரும்ப ஜெரால்டீன் ஓட்டிவந்தார். அதற்குப்பின் பெர்னடீன் பாலத்தில் ஏறவில்லை.

சகோதரிகளுக்கு ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. இம்முறை விருந்து என் வீட்டில்தான் என்று ஜெரால்டீன் பிடிவாதம் பிடித்தார். பெர்னடீன் நம் உதவி எண்ணுக்குத் தொலைபேசினார். எடுத்தவர் நீங்கள்.

"யாராவது என் காரை அக்கரைக்கு ஓட்டித் தர முடியுமா?"

"அதுக்குத்தானே இருக்கேன். இப்ப எங்க நிக்கிறீங்க?"

"மூணாம் நம்பர் சாவடி."

"சாவடிக்கு முன்னாலயா, தாண்டியா?"

"உள்ள."

நீங்கள் சற்று நேரம் பேசவில்லையாம். உங்கள் வாழ்வில் அது அரிய நிகழ்ச்சி.

"பெர்னடீனா?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ஆர்வோ."

சொல்லவில்லை. நான்கு ஆண்டுகள் எங்களில் ஒருவருக்கும் நீங்கள் சொல்லவில்லை. ஆண்டுக்கு நான்கு முறை அவரை ஓட்டிச் சென்றீர்கள். அவர் பின்னிருக்கையில் போர்வைக்குள் படுத்துக்கொள்வார். நீங்கள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை நீட்டுவீர்கள். "கண்ணை மூடிக்கோ, நான் பேசிக்கிட்டே வரேன்" என்பீர்கள். உங்கள் மைத்துனர் நீராவிக் குளியலறையில் பூட்டிக்கொண்ட கதை தொடங்கும். அது முடியுமுன் வடகரை வந்துவிடும். இதைவிடக் கனிவாக யாரால் நடந்துகொள்ள முடியும்?

ஆனால் பயம் குறையவில்லை. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே பெர்னடீனுக்குச் சோறு இறங்காது. பிறகு லிஃப்ட்டில் ஏற முடியவில்லை. பிறகு பல்பொருள் கடையில் வாசலைவிட்டுத் தள்ளியிருக்கும் பால் அலமாரிவரை போக முடியவில்லை. காற்று பலமாக அடித்தால் சாவடியின் சன்னலை மூடிக்கொண்டு நடுங்கினார். பாலத்தில் பிறந்த பயம் கரையேறி அவர் வீட்டு வாசல்வரை வந்துவிட்டது. ஒரு கோடையில் அவருடைய மருத்துவர், ரொட்டிக் கடையின் மாடியில் அறை வைத்திருந்த ரீனா ஹூக்ஸ்ட்ரா என்ற ஆலோசகரிடம் அனுப்பினார்.

ரீனாவுக்கு வயது முப்பத்து மூன்று. மழைக்கால ரப்பர் பூட்ஸோடு வந்து அமர்ந்த அந்தப் பெண் தம் பால்ய காலத்தைத் தோண்டப்போகிறாள் என்று பெர்னடீன் எதிர்பார்த்தார். ரீனாவோ ஒரு தாளையும் பென்சிலையும் தள்ளினார். நினைப்பையும் நடப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பழகிப் பழகிப் பயத்தைத் தணிக்கும் சிகிச்சை அது, சி.பி.டி. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள்.

"பாலத்து நடுவுல என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"கை தானா திரும்பிடும். விழுந்துடுவேன்."

"நூத்துக்கு எவ்ளோ நம்பறீங்க?"

"பாலத்துலயா? தொண்ணூறு."

"இப்ப, இந்த நாற்காலியில உக்காந்துகிட்டு?"

பெர்னடீன் யோசித்தார். "நாப்பது."

"பாலம் ரெண்டு நேரத்துலயும் ஒரே பாலம்தானே. அப்ப அந்த அம்பது எங்கேர்ந்து வந்துச்சு?"

அடுத்த கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்தார் ரீனா: இத்தனை ஆண்டு ஓட்டியதில் கை எப்போதாவது தானாகத் திரும்பியிருக்கிறதா? பெர்னடீன் ஒரு வாரம் நினைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரே ஒரு தடவை. டோனட் கடைப் பக்கம்."

மற்றொரு நாள் ரீனா அவரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துக் கிறுகிறுவென்று சுழற்றினார். தலை சுற்றியது, நெஞ்சு படபடத்தது, பாலத்தில் வந்த அதே படபடப்பு.

"இப்ப ஏதாவது ஆகிடும்போல இருக்கா?"

"இல்ல. உங்க மேல கோவம்தான் வருது."

"நல்லது. இது உடம்போட ஓட்டம் மட்டும்தான். சாவு இல்ல."

பெர்னடீன் அன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நெஞ்சு படபடக்கும்போதே சிரிக்க முடியும் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

அதன்பின்தான் ரீனா உங்களை வரச்சொன்னார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாராட்டுத்தான் கிடைக்கப்போகிறது என்று மாடியேறினீர்கள். போர்வை, மிட்டாய், மைத்துனர், மூடிய கண் அனைத்தையும் ரீனா கேட்டுக்கொண்டார்.

"பெர்னடீனோட பயம் என்ன நினைக்குது தெரியுமா? பாலத்தைத் தாண்டினது பெர்னடீன் இல்ல, பெப்பர்மின்ட்டுன்னு நினைக்குது. போர்வை இல்லன்னா செத்திருப்போம்னு நினைக்குது. அது நினைக்கிறது பொய்னு அதுக்குக் காட்ட யாரும் ஒரு வாய்ப்பே கொடுக்கலை."

"அப்ப இத்தனை வருஷமா நான் செஞ்சது தப்புங்கிறீங்களா?"

"தப்பு இல்ல, ஆர்வோ. ஆளு அக்கரைக்குப் போகணும்னா நீங்க செஞ்சது சரி. பயம் போகணும்னா வேற மாதிரி செய்யணும்."

நீங்கள் தொப்பியை அணிந்துகொண்டு படியிறங்கிவிட்டீர்கள். இரண்டு நாள் காபி மேசைக்கு வரவில்லை. உடல்நலமில்லையோ என்று நாங்கள் நினைத்தோம். பல்லாண்டுக் கனிவைப் பயத்துக்குப் போட்ட தீனி என்று ஒரு சிறுபெண் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? பெர்னடீனோ உங்களை இழந்துவிட்டோம் என்றே எண்ணினார். மூன்றாம் நாள் காலை மஞ்சள் வண்டி மூன்றாம் எண் சாவடிக்கு முன் வந்து நின்றது. பின்னால் நான்கு கார்கள் காத்திருந்தன.

"நான் வாயை மூடிக்கிட்டு உக்காரணும், அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"அதைவிடப் பாலத்தைத் தூக்கிக்கிட்டு நடக்கச் சொல்லியிருக்கலாம். சரி, கத்துக்கறேன்."

அருமை நண்பரே, உங்கள் இருபத்தொன்பது ஆண்டுப் பணியில் எங்களை வியக்கவைத்தது இதுதான். ஒருவர் தம் குறையைத் திருத்திக்கொள்வது அரிது. தம் நல்ல குணத்தையே திருத்திக்கொள்வது அதனினும் அரிது.

தாளில் ஏணி ஒன்று வரைந்தார்கள், எளியதிலிருந்து கடினமானதுவரை பன்னிரண்டு படி. முதற்படி, பாலத்தடியில் நின்று பயம் பாதியாகக் குறையும்வரை அண்ணாந்து பார்ப்பது. முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது. ஐந்தாம் நாள் ஒன்பது நிமிடம். அடுத்தடுத்த படிகளில் பக்கத்து இருக்கை, திறந்த கண், போர்வை இல்லை, மிட்டாய் இல்லை. நீங்கள் ஓட்டினீர்கள், ஒரு பல்குத்தும் குச்சியைக் கடித்துக்கொண்டு மௌனமாக ஓட்டினீர்கள். அவர் மடியில் தாளை வைத்துப் பயத்துக்கு எண் போட்டார். எண்பது. எண்பத்தைந்து. எழுபது. ஐம்பத்தைந்து. யாரும் எதுவும் செய்யாமலே எண் இறங்குவதைத் தம் கண்ணாலேயே கண்டார்.

செப்டம்பரில் ஏழாம் படி: பாலத்தின் நடுவே, காற்று வீசும் நாளில். ஒரு லாரி பழுதாகி எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. பாலம் தொட்டில்போல் அசைந்தது. பெர்னடீன் கதவுப் பிடியைப் பற்றினார், மூச்சிரைத்தார், பிறகு அருகில் கிடைத்ததில் வாந்தி எடுத்தார். கிடைத்தது உங்கள் தொப்பி. நீங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கரை வந்தபின்தான் வாய் திறந்தீர்கள்.

"இதுக்குப் பேசலாமா கூடாதான்னு அந்தப் பொண்ணு சொல்லலை. அதான் சும்மா இருந்தேன்."

அன்று மாலை ரீனாவிடம் போய், எல்லாம் வீணாயிற்று, பழையபடி ஆகிவிட்டேன் என்று பெர்னடீன் அழுதார்.

"உச்சத்துல எவ்ளோ?"

"தொண்ணூத்தஞ்சு."

"அப்புறம்?"

"வாந்தி எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... லாரியை இழுத்துட்டாங்க. அக்கரை வந்துச்சு."

"கை திரும்புச்சா? நெஞ்சு நின்னுச்சா?"

"இல்ல."

"அதை எழுதுங்க. தொப்பியையும் எழுதுங்க."

அக்டோபரில் அவரே ஓட்டத் தொடங்கினார். பாலத்தைத் தாங்கும் முதல் கோபுரம்வரை அவர் ஓட்டுவார், அங்கே நீங்கள் இடம் மாறி ஓட்டுவீர்கள். ஒன்பதாம் படி அது. அந்த வாரத்தில், கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த இலைகளை எடுக்க ஏறிய ஜெரால்டீன் மரஏணியிலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. மறுநாள் காலையே அறுவை சிகிச்சை என்று வடகரை மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது.

பெர்னடீன் சாவடியைப் பூட்டிவிட்டு உங்களிடம் ஓடி வந்தார். கார்ச் சாவியை உங்களிடம் நீட்டினார்.

"ஆர்வோ, இன்னிக்கு மட்டும் நீங்க ஓட்டுங்க. ஏணியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த நொடியில் நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சகோதரி படுக்கையில் கிடக்கையில் பிடிவாதம் பிடிப்பது கொடுமை. நான்கு ஆண்டுகள் ஓட்டிய கைக்கு இன்னொரு முறை ஓட்டுவது எளிது. ஆனாலும் நீங்கள் சாவியை அவர் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தீர்கள்.

"ஓட்டுன்னா ஓட்டறேன், பெர்னடீன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல நீ சொல்லு, எத்தனை இருக்கு?"

அவர் தம்மைத்தாமே பார்த்துக்கொண்டார். "எண்பத்தஞ்சு."

"தொண்ணூத்தஞ்சுல என் தொப்பி போச்சு, நீ போகலை."

பெர்னடீன் சாவியைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். நீங்கள் சுற்றிச் சென்று பக்கத்து இருக்கையில் அமர்ந்தீர்கள்.

மணிக்கு இருபது மைல் வேகம். முதல் கோபுரம் வந்தது, நிறுத்தவில்லை. பின்னால் ஒருவர் ஒலி எழுப்பினார். சக்கரத்தடியில் தேனீக்கள் இரைந்தன. கை திரும்பப்போகிறது என்ற எண்ணம் வந்தது. அவர் அதை விரட்டவில்லை. "கை திரும்பப் போகுதுன்னு நினைப்பு வருது" என்று உரக்கச் சொன்னார். "இன்னும் திரும்பலை." சிறிது தூரம். "இன்னும் திரும்பலை." நீங்கள் குச்சியைக் கடித்து இரண்டாக்கிவிட்டீர்கள். தடுப்புக் கம்பிக்கு வெளியே வண்ணம் பூசும் தொங்குமேடையில் நின்றிருந்த நம் டேரெல் நாகெங்காஸ்ட், ஓட்டுவது யாரென்று கண்டு, வாளியை வைத்துவிட்டு இரு கையையும் அசைத்தார். பெர்னடீன் பதிலுக்கு அசைக்கவில்லை. இரண்டு கையும் வேலையாக இருந்தன. ஆனால் பார்த்தார். பாலத்தின் நடுவே, கண் திறந்து, வேறொன்றைப் பார்த்தார். இரண்டாம் கோபுரத்தில் கேட்காமலே சொன்னார்: "அறுபது." வடகரையில் சக்கரம் மண்ணைத் தொட்டபோது முப்பது.

அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"திரும்பிப் போறப்பவும் நான்தான் ஓட்டணுமா?"

"வேற யாரு? எனக்கு லீவு."

மருத்துவமனைப் படுக்கையில் ஜெரால்டீன் சகோதரியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற உங்களையும், உங்கள் கையில் சாவி இல்லாததையும் பார்த்தார்.

"நீயாடி ஓட்டிட்டு வந்தே?"

"நான்தான்."

"நான் காலை உடைச்சுக்கிட்டாத்தான் நீ ஓட்டிட்டு வருவேன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ உடைச்சிருப்பேனேடி."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். பெர்னடீன் அவர் தலையைக் கோதிக்கொண்டு நெடுநேரம் நின்றாராம்.

பெருந்தகையே, இது நடந்து ஆறு ஆண்டுகள். இன்று பெர்னடீன் வாரந்தோறும் அக்கரை போகிறார். பெருங்காற்று நாளில் இன்னமும் நெஞ்சு படபடக்கும், படபடப்போடே போகிறார். அந்த அக்டோபருக்குப்பின் உங்கள் பணியும் மாறியது. உதவி கேட்டு அழைத்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "நான் ஓட்டட்டுமா, பக்கத்துல உக்காரட்டுமா?" விரும்பியவர்களுக்கு ரொட்டிக் கடை மாடியின் முகவரியைக் கொடுத்தீர்கள். எல்லாருக்கும் பெர்னடீனுக்கு வாய்த்ததுபோல் வாய்க்கவில்லை. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் மூன்று படி ஏறிவிட்டு இறங்கிப் போனார். இன்றும் போர்வை கேட்கிறார். அவருக்கு நீங்கள் ஒரு முகச்சுளிப்பும் இன்றிப் போர்வை கொடுத்தீர்கள். மிட்டாயும் கொடுத்தீர்கள். ஆயினும் ஐம்பத்து மூன்று பேர் உங்கள் பக்கத்தில் தாமே ஓட்டிப் பாலம் கடந்தார்கள். தம்மைத் தாமே தேவையற்றவராக்கிக்கொள்ள உங்களைப்போல் உழைத்த ஊழியர் வேறு எவரையும் நாங்கள் கண்டதில்லை.

இனி, நீங்கள் மறைக்க நினைத்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டதுமான ஒன்று.

சென்ற செவ்வாய்க்கிழமை காபி அறையில் பெர்னடீனிடம், சில நாட்களாகத் தூக்கமில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் உடனே தாளையும் பென்சிலையும் எடுத்தார்.

"என்ன நினைப்பு வருது?"

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னை யாரும் நினைக்க மாட்டாங்கன்னு. மிஞ்சிப்போனா ரெண்டு வாரம். அதோட சரி."

"நூத்துக்கு எவ்ளோ?"

"எழுபது."

"ஆதாரம்?"

பதிலுக்கு நீங்கள், உங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஒருவர் பெயரை எங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறோம், யாருக்கும் நினைவில்லை. அது உங்கள் பக்கத்து ஆதாரம், ஒப்புக்கொள்கிறோம். எங்கள் பக்கத்து ஆதாரமாக இந்த மடலை வைத்துக்கொள்ளுங்கள். போதாது என்பீர்கள். நினைப்பை வாதத்தால் வெல்ல முடியாது, செய்து பார்க்கத்தான் வேண்டும் என்பதை ரீனாவிடம் நீங்களும் கற்றீர்கள், உங்களிடம் நாங்களும் கற்றோம். ஆகவே ஒவ்வொரு செவ்வாயும் காலை பத்து மணிக்கு இந்தக் காபி மேசைக்கு வாருங்கள். யாரேனும் "நீங்கள் யார்?" என்று கேட்டால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு கழித்துக் கணக்குப் பார்ப்போம். வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய கட்டாயம் இனி இல்லை. மைத்துனர் கதையை முழுதாகக் கேட்டவர் எங்களில் எவருமில்லை.

உறுதியும் உவகையும் உடன்வர, உங்கள் துணைவியார் ஐலி அம்மையாரோடு, வெண்மீன் துள்ளும் நீரோரத்தில், குளிராத கையும் குறையாத பேச்சுமாய், நூறாண்டு நலமே வாழ்க என வாழ்த்தி, முதற்செவ்வாய்க்குக் காபி வைத்துக் காத்திருக்கும்,

உங்கள் அன்பின்
சுங்கச் சாவடி, பராமரிப்பு, வண்ணப்பூச்சு, காற்றுக் காவல் பிரிவுகளின் பணியாளர்கள்
நீரிணைப் பாலம், தென்கரை